சைனிக்புரிக்கு இரண்டு டிக்கெட்

இது நடந்தது. யாரோ யாரிடமோ சொல்லி என் காதுக்கு வந்த கதை இல்லை. புருஷோத்தமன் தன் வாயால் என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. கடைசியில் நடந்ததற்கு, பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானே சாட்சி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் இதைப் படிக்காதீர்கள்.

நிமிடம் மாறாததற்குக் காரணம் அவர் பார்த்த வேலை. 1955-ல் ஊரை விட்டு ஹைதராபாத்துக்கு வந்தவர். முதலில் ரயில்வே பட்டறை. பிறகு மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் இரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதியே தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி இருக்கும். பால்காரர் வந்த நேரத்தைக்கூட அதில் குறித்து வைப்பார். அப்படிப்பட்ட ஆசாமி.

சொந்த ஊர் ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். அந்த வட்டாரத்தில் அவர்கள் குடும்பத்தைச் ‘சாகாதவங்க வீடு’ என்பார்கள். கேலிதான், ஆனால் பொய் இல்லை. பாட்டி போனது தொண்ணூற்றெட்டு வயதில். அப்பா தொண்ணூற்றேழு. அம்மா தொண்ணூற்று மூன்று. யாரும் பட்டென்று போகவில்லை. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, நிதானமாகப் போனார்கள். அத்தனை பேரையும் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மலம் ஜலம் அள்ளியது ஒரே ஒருத்தி. தாயம்மாள். புருஷோத்தமனுக்கு மூன்று வயது மூத்த அக்கா. கல்யாணம் ஆகாதவள்.

ஆகாதவள் என்று சொல்வதே தப்பு. அவளுக்கு ஆகவிடவில்லை.

1956-ல் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தேர் பார்க்க வேண்டும் என்று பாட்டி அடம் பிடிக்க, அந்தத் தொண்ணூற்றாறு வயதுக் கிழவியைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு தேரடிக்கு வந்தாள் தாயம்மாள். கூட்டத்தில் அதைப் பார்த்தார் ரகுநாதன் என்ற பள்ளிக்கூட வாத்தியார். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன். இப்படி ஒருத்தி நம் வீட்டுக்கு வந்தால் போதும் என்று தானே தேடி வந்து பெண் கேட்டார். வீட்டில் சரி என்றார்கள். தாயம்மாள் அன்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாளாம். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த ஊரில் குறைவு.

லீவில் வந்திருந்த புருஷோத்தமன் உட்கார்ந்து யோசித்தார். அக்கா போய்விட்டால் கிழங்களை யார் பார்ப்பது? ஹைதராபாத்துக்குத்தானே வந்து சேரும்? வாத்தியாரை வழியனுப்புகிற சாக்கில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்தார்.

“மறைச்சு வைக்க எனக்கு மனசு வரல வாத்தியாரே. அக்காவுக்கு வலிப்பு வரும். மாசத்துக்கு ரெண்டு தபா விழுந்துடும்.”

அவ்வளவுதான். வாத்தியார் திரும்பி வரவில்லை. சொன்னது ஊர் ஊராகப் பரவி, வேறு யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தாயம்மாளுக்கு இருபது வருஷம் தெரியாது. 1976-ல் வாத்தியாரின் தங்கை ஏதோ ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்து, “இப்போ வலிப்பு எப்படி இருக்குது?” என்று கேட்டாள். அன்றுதான் தெரிந்தது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு மட்டும் ஒரு கார்டு போட்டாள். அதில் ஒரே வரி. ‘வாத்தியார் தங்கச்சியைப் பார்த்தேன்.’

புருஷோத்தமன் அதைக் கிழித்துப் போட்டார்.

கடைசிக் கிழவியையும் கரையேற்றிவிட்டு, மறுவருஷமே, 1979-ல், நாலு நாள் காய்ச்சலில் தாயம்மாள் போய்விட்டாள். ஐம்பத்தைந்து வயது. அந்த வீட்டில் தொண்ணூறைப் பார்க்காமல் போனவள் அவள் ஒருத்திதான். தந்தி வந்தது. ‘லீவு இல்லை, காரியத்தை முடித்துவிடவும்’ என்று பதில் தந்தி கொடுத்தார் தம்பி. லீவு நிறைய இருந்தது. டைம் ஆபீஸ்காரருக்கு அது தெரியாதா? இதை என்னிடம் சொன்னபோது அவர் தலை குனிந்தார். குனிந்து என்ன செய்ய, எனக்கு அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

இனி 1985-க்கு வருவோம். புருஷோத்தமனுக்கு ஐம்பத்தெட்டு. மனைவி போய்ப் பல வருஷம். மல்காஜ்கிரியில் சொந்த வீடு. மகள் விஜயகுமாரிக்கு இருபத்தெட்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வீட்டோடு இருந்தாள். வந்த வரனை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார் அப்பா. அவர் மனசில் ஓடிய கணக்கு வேறு. எங்கள் வீட்டில் எல்லோரும் தொண்ணூறைத் தாண்டுகிறவர்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து, நாற்பது வருஷம் இருக்கிறது. இவளும் போய்விட்டால் யார் வெந்நீர் வைப்பது? யார் தூக்கி உட்கார வைப்பது? ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர் இல்லை. சொந்த ரத்தம் பார்ப்பதைப்போல வருமா என்பது அவர் நினைப்பு.

செப்டம்பரில் சைனிக்புரியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை குணசேகரனுக்கு உப்பலில் வேலை. அப்பா சிவஞானம் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவர்களும் வேலூர்ப் பக்கம்தான். பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. நீங்கள் நாலு பேராக வந்து எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போங்கள், தேதி குறித்துவிடலாம் என்றார்கள். கை நனைப்பது என்றால் தெரியுமல்லவா, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டால் சம்பந்தம் முடிவான மாதிரி. விஜயகுமாரிக்கும் சம்மதம். அவள் கண்ணில் அது தெரிந்தது.

“அப்பா, இந்த இடத்தையும் கெடுத்துடாதீங்க. ப்ளீஸ்,” என்றாள்.

அக்டோபர் 14, திங்கட்கிழமை. மகாளய அமாவாசை. வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல். பாட்டிக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, மனைவிக்கு என்று பேர் சொல்லிச் சொல்லி நாலு இலை போட்டார்.

“அத்தைக்கு?” என்று கேட்டாள் விஜயகுமாரி.

“கல்யாணம் ஆகாதவளுக்குத் தனி இலை எதுக்கு? போடற வழக்கமில்ல,” என்றார்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவராகச் சொன்னதுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சம்பந்தம் பேச யாரும் செவ்வாயில் போக மாட்டார்கள். அதிலும் ராகுகாலத்தில் வாசல் தாண்ட மாட்டார்கள். அதிலும் ஒற்றை ஆளாகப் போகவே மாட்டார்கள், ஒற்றை ஆள் போனால் பேச்சு முறிந்துவிடும் என்பார்கள். மூன்றையும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் புருஷோத்தமன். முறிய வேண்டும் என்பதுதானே ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. காலண்டரில் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டார். மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம்.

நல்ல வெயில். பட்டப்பகல். 3.02-க்குக் கிளம்பினார். கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

டக்.

நாலு அடி நடந்திருப்பார்.

டக்.

திரும்பிப் பார்த்தார். கேட் சாத்தித்தான் இருந்தது. யாரும் இல்லை. காற்றாக இருக்கும் என்று நடந்தார். அன்று காற்றே இல்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

3.17-க்கு பஸ். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் வந்தார்.

“சைனிக்புரி. ஒண்ணு.”

கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

“ஒகட்டி சாலு,” ஒன்று போதும் என்றார் புருஷோத்தமன்.

“மரி அம்மகி?” அப்படியானால் அம்மாவுக்கு, என்று கேட்டார் கண்டக்டர். முன்னால் பெண்கள் சீட்டைக் கையால் காட்டினார்.

புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். மூன்று பேர் உட்காரும் சீட். இரண்டு பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் காலி. பஸ்ஸில் அத்தனை பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்திகூட அந்த இடத்தில் போய் உட்காரவில்லை...

“யாரும் இல்லய்யா என்கூட,” என்று கோபமாகச் சொன்னார். கண்டக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். கட்டின பெண்டாட்டியைப் பஸ்ஸில் தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்க்கிற பார்வை அது. இரண்டு டிக்கெட்டையும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

3.46-க்கு இறங்கினார். சைனிக்புரி அப்போது வெறிச்சென்று இருக்கும். பெரிய பெரிய தோட்டங்கள், தள்ளித் தள்ளி வீடுகள், ஒரு ஈ காக்கை இருக்காது. எங்கோ தூரத்தில், தெலுங்குப் பெண்கள் பூ அடுக்கிச் சுற்றிக் கும்மியடிக்கும் பதுகம்மாப் பாட்டு மட்டும் கேட்டது. ஸ்டாப்பில் ஒரே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. ஓட்டுகிறவர் பெயர் அப்துல் ரஹீம். அந்தப் பக்கம் போய்வரும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். புருஷோத்தமன் ஏறி சீட்டின் நடுவில் உட்கார்ந்தார்.

“தோடா சரக்கோ சாப். அம்மா கோ ஜாகா தேவ்.”

கொஞ்சம் நகருங்கள், அம்மாவுக்கு இடம் கொடுங்கள்.

“கோன் அம்மா?” எந்த அம்மா என்று கேட்டார் புருஷோத்தமன்.

அப்துல் ரஹீம் வண்டிக்குப் பக்கத்தில் கீழே பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அப்போது, புருஷோத்தமனுக்கு இடது பக்கம், சீட்டின் ரெக்சின் மெதுவாக அமுங்கியது. க்... ரீ... ச்...

அவர் தன்னை அறியாமல் வலது பக்கம் நகர்ந்தார்.

வண்டி கிளம்பியது. மேடு இல்லை, சமதரை. ஆனாலும் அப்துல் ரஹீம் எழுந்து நின்று மிதித்தார். மூச்சு வாங்கியது. புருஷோத்தமன் இடது பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சிலை வாசனை வந்தது. ஊரில் அம்மாவுக்கு முதுகுப்புண்ணுக்கு அரைத்துப் போடுகிற பச்சிலை. அந்த வாசனை ஹைதராபாத்தில் எங்கிருந்து வரும்?

3.58. வீடு வந்தது. அவர் இறங்கினார். ரிக்‌ஷா சீட் மேலே எழும்பியது.

க்ரீச்.

ஒரு நொடி கழித்து, இன்னொரு முறை.

க்ரீச்.

அப்போதே திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயத்தைவிட அந்த நாற்பது வருஷத்து வெந்நீர் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சிவஞானம் வாசலுக்கே வந்தார். “வாங்க சம்பந்தி, வாங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க.” உள்ளே உட்கார வைத்தார். அவர் மனைவி திரிபுரசுந்தரி காபி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர். கணவருக்கு ஒன்று. புருஷோத்தமனுக்கு ஒன்று. மூன்றாவதை அவர் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

“நீங்க குடிக்கலையாம்மா?” என்றார் புருஷோத்தமன்.

“இது அவங்களுக்கு. பின்கட்டுப் பக்கம் போனாங்களே... வந்துடுவாங்க.”

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தார். மணி 4.10. அதையும் பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைகள் தானாக வந்தன.

“மறைச்சு வைக்க எனக்கு மனசு வரல. பொண்ணுக்கு வலிப்பு வரும்.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரிபுரசுந்தரி ஆச்சரியப்படவில்லை. அவள் முகம்தான் வெளுத்துவிட்டது.

“இப்போ உங்ககூட வந்தாங்களே உங்க அக்கா, அவங்க நேத்தே வந்திருந்தாங்க,” என்றாள்.

“யாரு?”

“உங்க அக்கா. விளக்கு வைக்கிற நேரம். தண்ணிகூட வாங்கிக்கல. வாசப்படியிலயே நின்னு சொன்னாங்க. என் தம்பி நாளைக்கு வருவான். ராகுகாலத்துல வருவான். ஒத்தையாத்தான் கிளம்புவான். பொண்ணுக்கு வலிப்புன்னு சொல்லுவான். நம்பாதீங்கன்னு.”

புருஷோத்தமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவன் அப்படிச் சொல்றது இது ரெண்டாவது தபான்னு சொன்னாங்க.”

“எங்க அக்கா... செத்து...”

பக்கத்து நாற்காலி இழுபட்டது. தரையில் கால் உரசும் சத்தம். சர்ர்ர்...

இடது காதுக்கு மிக அருகில் மூச்சு.

சுடவில்லை. குளிர்ந்த மூச்சு.

“சொல்லுடா.”

அதே குரல். ஊர்க் குரல்.

“இன்னொரு தபா சொல்லு.”

வாயைத் திறந்தார்.

தாடை பூட்டிக்கொண்டது.

இடது கை வெட்டி இழுத்தது. ஒரு முறை.

இன்னொரு முறை...

பிறகு உடம்பு முழுக்க.

அவர் கீழே விழுந்தபோது மணி 4.14. சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது அவருக்கு நினைவிருக்கிறது. வாயில் நுரை தள்ளியது. பிறந்ததிலிருந்து ஒரு தலைவலிகூட வராத மனுஷன். “இரும்பு எடுங்க, இரும்பு!” என்று சிவஞானம் கத்தினார். யாரோ சாவிக் கொத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தி விரல்களை மூடினார்கள். காய்த்துப்போன கை. பலம் என்றால் அப்படி ஒரு பலம். ஆளைத் தூக்கித் தூக்கிப் பழகின கை.

நினைவு வந்த பிறகு அவர் திரிபுரசுந்தரியைக் கேட்டார். சாவியைக் கொடுத்தது நீங்களா?

“நான் சாவியைத் தேடி உள்ள போயிட்டேண்ணே. வந்து பாக்கறப்பவே உங்க கையில இருந்துது.”

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வலிப்பு திரும்ப வரவும் இல்லை. சைனிக்புரிக்காரர்கள் பயந்து ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. ஒரு பெரியவள் வாசல் தேடி வந்து காப்பாற்றிய பெண், இவளைத்தான் எடுப்போம் என்று திரிபுரசுந்தரி பிடிவாதமாக நின்றாள். தை மாதம் கல்யாணம். புருஷோத்தமன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தாயம்மாளுக்கு என்று தனியாகப் புதுச் சேலை எடுத்து, இலை போட்டு, விழுந்து கும்பிட்டு அழுதார். மாடியில் வைத்த இலைகளை எல்லாம் காக்கை வந்து கொத்தியது. அவள் இலையை மட்டும் தொடவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்து பார்த்தார். தொடவே இல்லை.

மகள் போன பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான்.

பங்குனியில் ஒரு நாள் விடிகாலை 5.10-க்குக் குளியலறையில் சத்தம் கேட்டதாம். வாளி நகர்த்தும் சத்தம். போய்ப் பார்த்தால் வெந்நீர், பதமான சூட்டில். பாய்லரை அவர் மூட்டவே இல்லை. மறுநாளும் 5.10. அதற்கு மறுநாளும். படுக்கையை யாரோ தட்டிப் போட்டிருப்பார்கள். தலையணைக்குப் பக்கத்தில் பச்சிலை வாசனை அடிக்கும். அவர் தூங்குவதை விட்டுவிட்டார். மகளிடம் சொல்ல வெட்கம். என்னிடம்தான் வந்து சொன்னார். முதல் முறை சொன்னபோது நான் சிரித்தேன்.

இரண்டாம் முறை சொன்னது ஆடி மாதம். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அவ என்னைக் கொல்ல வரல சார். அதுதான் பயமா இருக்கு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலை 5.25-க்கு அவர் வீட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, சுவர் ஏறிக் குதித்துப் போனேன். குளியலறையில் கிடந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் அசைந்தது. பக்கத்தில் வாளியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

விஜயகுமாரி ஓடி வந்தாள். ஐந்து மாத கர்ப்பிணி. அந்த நிலையிலும் வந்து தங்கி, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் மாதத்தில் முடியவில்லை. தாய் இல்லாதவள் என்பதால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான். போகும்போது ஆரோக்கியமேரி என்ற அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா, நோயாளிகளைப் பார்த்துப் பழக்கப்பட்டவள். விடிகாலை வந்து இரவு சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவதாகப் பேச்சு. ஞாயிறு மட்டும் கோயிலுக்குப் போக வேண்டும், வர மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குணசேகரன் வந்து மாமனாரைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கூலி எல்லாம் மகள் திரும்பி வந்ததும் மொத்தமாக.

நவம்பர் 8-ம் தேதி பெண் குழந்தை பிறந்தது. நாற்பத்தோரு நாள் விஜயகுமாரி வாசல் தாண்டவில்லை.

அந்த நாட்களில் தினமும் காலை 5.10-க்கு வாளிச் சத்தம் எனக்கே கேட்கும். தண்ணீர் ஊற்றும் சத்தம், துணி அலசும் சத்தம். ஆரோக்கியமேரி எவ்வளவு சுறுசுறுப்பு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு வரும் குணசேகரனும் அதையேதான் சொல்வார். மாமா பளிச்சென்று இருக்கிறார், நகம்கூட வெட்டிவிட்டிருக்கிறாள் என்பார். ராத்திரி, ஆரோக்கியமேரி கிளம்பிப் போயிருக்கிற நேரத்தில், நான் போய் நிற்கும்போது மட்டும் புருஷோத்தமன் கண் என்னையே பார்க்கும். கண்ணீராகக் கொட்டும். நோயாளி, மகளை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

டிசம்பர் 19. விஜயகுமாரி குழந்தையோடு வந்தாள். டாக்டரும் வந்தார். புருஷோத்தமனைப் புரட்டி முதுகைப் பார்த்தார். ஒரு புண் இல்லை. நாடி பார்த்தார்.

“யாரும்மா பார்த்துக்கிறது? கை எடுத்துக் கும்பிடணும் அவங்களை. இப்படிப் பார்த்துக்கிட்டா இவர் நூறு வயசு இருப்பார்.”

நூறு என்றதும் படுக்கையில் ஒரு சத்தம் கேட்டது. அவர் தொண்டையிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அன்று ஆரோக்கியமேரியைக் காணோம். மகள் வருகிறாள் என்று வராமல் இருந்துவிட்டாள்போல என்று நினைத்து, அன்று காலையே விஜயகுமாரி ஒரு புதுச் சேலை வாங்கிக்கொண்டு ஆரோக்கியமேரி வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். சேலையைப் பார்த்து அந்த அம்மா கை நீட்டவில்லை.

“நக்கோம்மா, வேணாம். மூணு நாள் வேலைக்குச் சேலை வாங்கினா நல்லாவா இருக்கும்?”

“மூணு நாளா?”

“ஹவ், ஆமா. மூணாம் நாளே நின்னுட்டேனே. உங்க அத்தை சொல்லலையா?”

விஜயகுமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் கேட்டேன். எந்த அத்தை?

“ஊர்லேருந்து வந்திருந்தாங்களே. நல்ல உசரமா, கெட்டியா... தனி ஆளா அவரைப் புள்ளை மாதிரி இடுப்புல தூக்கிட்டாங்க. அவரு அழுதாரு. எனக்கே பாவமா இருந்துச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“நீ போம்மா, இனிமே நான் இருக்கேன்னாங்க. எவ்ளோ நாள் இருப்பீங்கன்னு கேட்டேன். எங்க வீட்ல நான் யாரையும் தொண்ணூறுக்கு முன்னாடி விட்டதில்லன்னாங்க.”

புருஷோத்தமனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது.